மன்னிப்பு என்னும் கொடை

மனிதன் பேசும் சொற்களுள் நாவுக்கு எளியதும் நெஞ்சுக்கு அரியதுமாகிய சொல் ஒன்று உண்டென்றால், அது 'மன்னிப்பு' என்னும் சொல்லேயாம். சந்தையிலே ஒருவர் தோள் மற்றவர்மீது பட்டாலும் அச்சொல்லைக் கூறிவிட்டு அப்பாற் செல்கின்றோம். ஆனால், தன் மகனைக் கொன்றவன் எதிரே வந்து நிற்கும்போது ஒரு தாயின் வாயினின்றும் அச்சொல் பிறக்குமா? பிறக்கவேண்டும் என்று அவளிடம் கேட்பதற்கு மற்றவர்களுக்கு உரிமைதான் உண்டா? அவ்வாறு பிறந்துவிட்டால், செய்த குற்றம் செய்யாத குற்றமாகிவிடுமா?

வன்னிப் பெருநிலத்தில் வாழும் எமக்கு இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. போரிலே ஊரைவிட்டு ஓடி, முகாமிலே காலங்கழித்து, மீண்டு வந்து பற்றைக்காடு வெட்டிக் கூரை வேய்ந்த குடும்பங்களே நெடுங்கேணியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்கின்றன. இங்கே இவை அடுப்படியிலும் திண்ணையிலும் எழும் வினாக்கள். பாடசாலை விட்டு வரும் பிள்ளை பெற்றோரைக் கேட்கும் வினாக்கள்.

இவ்வினாக்களைத் தன் சிந்தனையின் நடுவே வைத்து நெடுங்காலம் ஆராய்ந்து வந்த சமயம் கிறிஸ்தவம். சைவ மரபிலே வளர்ந்த ஒருவன் அச்சமயத்தின் கருத்தை எடுத்துரைக்க முற்படுவது சிலருக்கு வியப்பாகலாம். சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர் அவர்களே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர் என்பதையும், அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டில் அச்சேறியது என்பதையும் அத்தகையோர் நினைவு கூர்வாராக. பிறர் சமயத்தைக் கற்றறிந்து பேசுவது எமது மரபுக்குப் புதியதன்று.

தீராக் கடனும் சிறு கடனும்

கிறிஸ்து நாதர் மன்னிப்பைப் பற்றிப் போதித்தபோது தருக்க முறையில் விளக்கம் கூறவில்லை. கதை ஒன்று கூறினார். மத்தேயு எழுதிய நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் அது காணப்படுகின்றது. அரசன் ஒருவனுக்கு அவனுடைய பணியாள் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். கொடுக்க வழியில்லாது காலில் விழுந்து தவணை கேட்டான். அரசனோ மனமிரங்கி, தவணை கொடுப்பதற்குப் பதிலாகக் கடன் முழுவதையுமே தள்ளிவிட்டான். வெளியே வந்த பணியாள், தனக்கு நூறு தெனாரியம் கொடுக்கவேண்டிய உடன்பணியாளனைக் கண்டு, கழுத்தைப் பிடித்து நெரித்து, அவனைச் சிறையில் இடுவித்தான்.

இக்கதையின் வலிமை அதிலுள்ள கணக்கிலே தங்கியிருக்கின்றது. மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்துக் கூலியாளின் ஒரு நாட் சம்பளம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியத்துக்குச் சமம். ஆகவே, பணியாள் அரசனுக்குக் கொடுக்கவேண்டியது 6 கோடி நாட் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்து, ஒரு சதமேனும் செலவு செய்யாது சேர்த்தாலும், அதனைத் தீர்க்க 2 இலட்சம் ஆண்டுகள் வேண்டும்! அவனுக்குத் தோழன் கொடுக்கவேண்டியதோ 100 நாட் கூலி.

அந்த நூறு நாட் கூலியும் பொய்க் கடன் அன்று என்பதை நாம் கவனித்தல் வேண்டும். நாட் கூலிக்கு வேலை செய்யும் ஏழை ஒருவனுக்கு அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சோறு. பிறர் எமக்குச் செய்த தீங்கு சிறியது என்று கதை கூறவில்லை. எம்மால் ஒருபோதும் தீர்க்க இயலாத கடன் ஒன்று முன்னரே தள்ளுபடி செய்யப்பட்டிருக்கின்றது என்பதை மறவாதே என்றே கூறுகின்றது. தகுதி நோக்காது வந்த அந்தத் தள்ளுபடியையே கிறிஸ்தவர் 'கிருபை' என்றும் 'அருள்' என்றும் அழைக்கின்றனர். மன்னிக்கும் வலிமை மனிதனுடைய சொந்தக் கையிருப்பு அன்று. பெற்ற அருளிலிருந்து அவன் பிறர்க்குப் பகிர்ந்தளிப்பது. இதுவே அச்சமயத்தின் கருத்தாகும்.

உதயநகரத்து அருட்சகோதரி

கொள்கையாகக் கேட்கும்போது இனிமையாக இருக்கும் இக்கருத்து, இரத்தமும் சதையுமாக வாழ்க்கையில் நிகழும்போது எவ்வாறிருக்கும்? அதற்கு இந்திய நாட்டிலே நிகழ்ந்த வரலாறு ஒன்றைக் கூறலாம்.

கேரள மாநிலத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துப் புல்லுவழி என்னும் ஊரில் 1954ஆம் ஆண்டு பிறந்தவர் அருட்சகோதரி இராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் துறவற சபையிற் சேர்ந்து வட இந்தியாவுக்குப் பணி செய்யச் சென்றார். 1992ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் உள்ள உதயநகர் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கே நிலமற்ற ஏழைக் குடியானவரும் பழங்குடி மக்களும் வட்டிக்காரரிடம் அகப்பட்டு, தலைமுறை தலைமுறையாக மீளாத் துயரில் வாழக் கண்டார். அவர்களைக் குழுக்களாகத் திரட்டிச் சிறுகச் சிறுகச் சேமிக்கப் பழக்கினார். வங்கியிலே கடன் பெறும் வழியையும் அரசாங்க உதவிகளைக் கேட்டுப் பெறும் உரிமையையும் கற்பித்தார். வட்டிக்காரரின் வாசலில் கூட்டம் குறைந்தது. அவருக்குப் பகையும் வளர்ந்தது.

1995ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள் அவர் இந்தூர் நகரை நோக்கிச் செல்லும் பேருந்திலே ஏறினார். கூலிக்கு அமர்த்தப்பட்ட சமுந்தர் சிங் என்னும் இளைஞர், பயணிகள் பலர் முன்னிலையிலேயே அவரைக் கத்தியாற் குத்தினார். அவருடைய உடலில் 54 காயங்கள் இருந்தன. சமுந்தர் சிங்குக்கு ஆயுட் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சிறையிலே அவர் நெஞ்சில் முதலில் எழுந்தது மனவருத்தம் அன்று. தம்மை ஏவிவிட்டவர் வெளியே இருக்கத் தாம் மட்டும் அழிந்துபோனதை எண்ணி, விடுதலை பெற்றதும் அவரைக் கொல்லவேண்டும் என்ற வெறியே இருந்ததென்று அவரே பின்னர் கூறியுள்ளார். ஒரு கொலை மற்றொரு கொலைக்கு வித்தாகக் கிடந்தது. சுவாமி சதானந்தர் என அழைக்கப்பட்ட கத்தோலிக்கத் துறவி ஒருவர் சிறைக்குச் சென்று அவரோடு பழகினார். அவர் ஏற்பாட்டின்படி 2002ஆம் ஆண்டு இரட்சாபந்தன விழாவை ஒட்டி ஒருவர் சிறை வாயிலுக்கு வந்தார். கொலையுண்டவரின் உடன்பிறந்த தங்கையும் அதே சபைத் துறவியுமாகிய அருட்சகோதரி செல்மி போல் அவர்களே அவ்வாறு வந்தவர். சமுந்தர் சிங்கின் கையிலே அவர் சகோதர பாசத்தின் அடையாளமாகிய காப்புக் கயிற்றைக் கட்டினார்.

இந்துப் பெண்கள் தம் சகோதரருக்குக் கட்டும் கயிறு அது. கேதாரகௌரி விரதத்திலே காப்புக் கட்டிக்கொள்ளும் எமக்கு, ஒரு நூலுக்கு எத்துணைப் பொருள் உண்டென்பது விளக்காமலே விளங்கும். கிறிஸ்தவத் துறவி ஒருவர், தம் சமயம் போதித்த மன்னிப்பை, கொலைசெய்தவர் பிறந்த சமயத்தின் சடங்கினாலேயே அவருக்கு வெளிப்படுத்தினார். கேட்பவர் அறிந்த மொழியிலே பேசுவதும் அருளின் இயல்பு போலும்!

அடுத்த ஆண்டு அவர்களுடைய முதிய தாயாரும் கேரளத்திலிருந்து சென்று அக்கைதியைக் கண்டார். தம் மகளின் இரத்தம் படிந்த கைகள் என்பதாலேயே அக்கைகளை அவர் முத்தமிட்டார். பின்னர் அக்குடும்பத்தினரே அவருடைய விடுதலைக்காக விண்ணப்பித்தனர். 11 ஆண்டு சிறைவாசத்தின்பின் 2006ஆம் ஆண்டு சமுந்தர் சிங் விடுவிக்கப்பட்டார். 2007ஆம் ஆண்டு புல்லுவழிக்குச் சென்று, தாம் கொன்ற பெண்ணின் பெற்றோர் முன்னிலையில் நின்றார். 2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இந்தூரில் இராணி மரியாவுக்குத் திருச்சபை 'அருளாளர்' என்னும் நிலையை அளித்தபோது, அவ்விழாவுக்கு வந்திருந்தோருள் சமுந்தர் சிங்கும் ஒருவர்.

முறைமையை ஊன்றி நோக்குவோம். அவர் திருந்திய பின்னர் மன்னிப்பு வரவில்லை. மன்னிப்பு வந்தமையாலேயே அவர் திருந்தினார். எரிக்கோ நகரத்து வரிவசூலிப்பாளர் சக்கேயுவின் கதையும் அத்தகையதே. ஊராரை ஏய்த்துப் பணஞ்சேர்த்த அவர் வீட்டுக்கு இயேசு நாதர் தாமாகவே விருந்தினராகச் சென்றார். அதன்பின்னரே சக்கேயு தம் உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தார். அருள் முன்னே சென்றது; ஈடுசெய்தல் பின்னே வந்தது. பின்னே வந்ததாயினும் வராமல் இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

மன்னிப்பும் நீதியும் பகைகளா?

"மன்னிப்பதென்றால் குற்றவாளியை அவிழ்த்து விடுவதன்றோ? அப்படியானால் நீதிமன்றம் எதற்கு?" என்று சிலர் கேட்பர். மிகவும் நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறத்தக்கவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார்.

அவர் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸ் 1965ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து, ஒடிசா மாநிலத்துப் பாரிப்பாடாவில் குட்டரோகிகளிடையே பணிபுரிந்தவர். 1999ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் இரவு மனோகர்ப்பூர் என்னும் கிராமத்தில், 10 வயதும் 6 வயதுமான தம் புதல்வர் இருவருடன் வண்டியிலே உறங்கிக்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்த வேளையில் ஒரு கும்பல் அவ்வண்டிக்குத் தீயிட்டது. தந்தையும் மைந்தர் இருவரும் எரிந்து மாண்டனர். அம்மையாருக்கு எஞ்சியது மகள் ஒருத்தியே.

கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாக அம்மையார் உலகறியக் கூறினார். அதே வேளையில், மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதையும் தெளிவாக எடுத்துரைத்தார். சட்டம் தன் வழியே சென்றது. தலைமைக் குற்றவாளிக்கு 2003ஆம் ஆண்டு மரணதண்டனை விதிக்கப்பட்டு, 2005ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தால் ஆயுட்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு இந்திய உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அம்மையாரோ நோயாளரைக் கைவிட்டு உடனே தாய்நாடு திரும்பவில்லை. 2004ஆம் ஆண்டுவரை அங்கேயே தங்கி அவர்களைப் பராமரித்தார். தண்டனை நீதிமன்றத்தின் வேலை. வெறுப்பைத் துறப்பது அவருடைய வேலை. இரண்டையும் அவர் ஒன்றோடொன்று குழப்பவில்லை.

எமது நாட்டுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பிலுள்ள மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் குழந்தைகள் பலர். மறு ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் அவர்கள், தாக்கியோரைத் தாம் மன்னித்ததாக அறிவித்தார். ஆயின், இச்சதியின் பின்னே நின்றவர் யார், முன்னறிவிப்பு இருந்தும் தடுக்கத் தவறியவர் யார் என்ற உண்மை வெளிவரவேண்டும் என்று அவர் கேட்பதை அதன்பின்னும் நிறுத்தவில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கை உயர்நீதிமன்றம், கடமை தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்கள் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மன்னிப்பவர் உண்மையைக் கேட்கும் உரிமையை இழப்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஜெர்மனியின் கொடுங்கோலாட்சியை எதிர்த்து 1945ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட டீட்ரிக் பொன்ஹோபர் என்னும் போதகர், மனமாற்றம் கேட்காத மன்னிப்பை 'மலிவான அருள்' என்று கூறிக் கண்டித்தார். கொடுப்பவருக்குப் பெருவிலையாக இருக்கும் ஒன்றைப் பெறுபவர் சந்தைப்பொருள்போல் மலிவாக எண்ணலாகாது என்பதே அவர் கருத்து.

எமது மரபிலே

இக்கருத்துக்கள் சைவத் தமிழனுக்கு முற்றிலும் அந்நியமானவையா? அல்ல. பெரியபுராணம் கூறும் மெய்ப்பொருள் நாயனாரை நினையுங்கள். திருக்கோவலூரை ஆண்ட அம்மன்னரை வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசி, ஆகமச் சுவடிபோல் கட்டிய பொதியிலே கத்தியை மறைத்துக்கொண்டு அந்தப்புரத்தினுட் புகுந்து அவரைக் குத்தினான். வாளுருவிப் பாய்ந்த மெய்காவலன் தத்தனைத் தடுத்து, பகைவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடும்படி மன்னர் பணித்தார். சினந்து சூழ்ந்த குடிமக்களை விலக்கித் தத்தன் அப்பணியை நிறைவேற்றி வந்து கூறும்வரை உயிரைத் தாங்கியிருந்தார். அவர் போற்றியது சிவவேடத்தை. ஆதலின் இதனைக் கிறிஸ்தவ மன்னிப்போடு ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. எனினும், குத்தியவன் வீடு சேரவேண்டும் என்று குத்துண்டவர் கவலைப்படும் அந்தக் காட்சியைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு, இராணி மரியாவின் தாயாரைப் புரிந்துகொள்ளுதல் அரிதன்று.

வினைப்பயனைச் செய்தவனே நுகரவேண்டும் என்பது எமது சித்தாந்தம். ஆயினும் இறைவன் செய்யும் தண்டத்தையும் அது கருணை என்றே கூறும். அறக்கருணை, மறக்கருணை எனப் பகுத்துரைக்கும். பிள்ளையைத் தழுவுவதும் கைப்பு மருந்தைப் புகட்டுவதும் ஒரே தாயின் கைகளே. தண்டனையும் இரக்கமும் ஓரிடத்தில் இருத்தல் கூடும் என்பதை நாமும் அறிவோம்.

தமிழிலே மன்னித்தலுக்குப் 'பொறுத்தல்' என்றொரு பெயரும் உண்டு. சுமையைத் தாங்குவதற்கும் அச்சொல்லே. வள்ளுவர் பொறையுடையோருக்குத் தம்மைத் தோண்டுவோரையே தாங்கும் நிலத்தை உவமையாக்கினார். எமது ஊரின் பெயரிலேயே கேணி இருக்கின்றது. கேணி வெட்டுவோருக்குத் தெரியும்: வெட்டுண்ட நிலம் வெட்டியவனைத் தாங்குவதோடு நில்லாது, நீரையும் சுரந்து கொடுக்கின்றது. ஆனால் நிலத்துக்கு நோவில்லை, மனிதருக்கு உண்டு. பொறுப்பவர் ஒரு பாரத்தைச் சுமக்கின்றார் என்பதை அறியாதவர், மன்னிப்பைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

எவர், எவரை?

இங்கேதான் எமது நிலத்தின் வினா எழுகின்றது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டில்களில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களைக் கையிலேந்தித் தாய்மார் அமர்ந்தனர். ஆண்டுகள் பல கடந்தும் அவர்களுடைய போராட்டம் ஓயவில்லை. விடை காணாமலே கண்மூடிய தாய்மாரும் உளர். "பழையதை மறந்து மன்னியுங்கள்" என்று அவர்களிடம் எளிதாகக் கூறுவோர் சற்றுச் சிந்தித்தல் நலம். யாரை மன்னிப்பது? எதற்காக மன்னிப்பது? செல்மி போலுக்குக் கொலையாளியின் பெயர் தெரியும், முகம் தெரியும், தமக்கையின் கல்லறை இருக்குமிடம் தெரியும். இந்தத் தாய்மாருக்கு அவற்றுள் ஒன்றேனும் தெரியாது. உண்மை தெரியாதவிடத்து மன்னிப்பு, முகவரி இல்லாத கடிதம் போன்றது. எழுதலாம், சென்று சேராது.

மன்னிப்பு என்பது கொடை. கொடையை வரியாக வசூலித்தல் ஆகாது. அதனை அரசாங்கம் கட்டளையிட்டுப் பெற முடியாது. அயலவர் வற்புறுத்திப் பெற முடியாது. ஒருவருக்காக மற்றொருவர் கொடுக்கவும் முடியாது. துன்புற்றவரின் கையில் மட்டுமே இருக்கும் பொருள் அது. கொடுக்க இயலாதவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

இவ்விடத்தில் மற்றொன்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. கிறிஸ்தவர் நாடோறும் ஓதும் செபத்தில், தாம் பிறரை மன்னிப்பதும் தமக்கு மன்னிப்பு வேண்டுவதும் ஒரே வாக்கியத்திற் பிணைக்கப்பட்டுள்ளன. கடன் கொடுத்தவனும் கடன்பட்டவனும் ஒருவனே என்பது அதன் கருத்து. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய மாவட்டங்களில் வாழ்ந்த பல்லாயிரவர், தேடிய தேட்டம் அனைத்தையும் விட்டு நடந்தனர். எம் நோவை உலகம் கேட்கவேண்டும் என்று விரும்பும் நாம், அவர்களுடைய நோவைக் கேட்கும் செவியையும் திறந்து வைத்தல் வேண்டும். தன் கணக்கேட்டில் வரவை மட்டும் எழுதுபவன் நேர்மையான கணக்கன் ஆகான்.

இத்துணைப் பெரிய துயர்களின் அளவுக்கு வராத சிறு பகைகளும் எம்மிடையே உண்டு. அரை முழ வேலி எல்லைக்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றம் ஏறுகின்றனர். வாய்க்கால் நீர் முறைக்காக இரு குடும்பங்கள் கல்யாணத்துக்கும் போகாது, செத்தவீட்டுக்கும் போகாது இருபது ஆண்டைக் கழிக்கின்றன. சண்டை ஏன் மூண்டது என்பதே தெரியாத பிள்ளைகள், தெருவிலே எதிர்ப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். காணியையும் வயலையும் போலப் பகையையும் நாம் முதுசமாக எழுதிக் கொடுக்கின்றோம். இவ்விடத்தில் கடன்காரன் முகம் தெரியும். கடனும் நூறு நாட் கூலிக்கு மேற்பட்டதன்று. முதற்படி இங்கேயே எடுத்து வைக்கத்தக்கது. பிழை செய்தவர் முன்வந்து, "என்னிடந்தான் பிழை" என்று கூறி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் நன்று. அவர் வாராவிடினும், பிழை செய்யாதவர் முன்வருவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

நீதி கேட்பதை நாம் நிறுத்தவேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் நீதி கேட்கும் நெஞ்சிலே வெறுப்பையும் உடன்வைத்து வளர்த்தால், அது முதலில் உண்பது வைத்திருப்பவரையே. இராணி மரியாவின் தாயார் தம் மகளை மறந்துவிடவில்லை. கொலையைக் கொலையென்று கூறவும் தயங்கவில்லை. மகளின் இரத்தத்தை நினைவிற்கொண்டே அக்கைகளைப் பற்றினார். மறவாமலே மன்னித்தல் என்பது அதுவேயாம். அத்தகைய அருள் யாருக்கு எப்பொழுது கிட்டும் என்று எவராலும் கூற இயலாது. கிட்டும் வேளையில் அதனை ஏற்பதற்கு நெஞ்சிலே சிறிது இடம் ஒதுக்கி வைத்தலும், எம் பிள்ளைகளுக்குப் பகைமையை முதுசமாகக் கொடாதிருத்தலும் எம் கையில் உள்ளன. எம்மாலியன்ற அவ்வளவையேனும் நாம் செய்வோமாக.